பாபரை அழவைத்த முலாம்பழம்: அரசர்களுக்குப் பிடித்த சாப்பாடு நமக்கு எப்படித் தெரியும்?

1529 பிப்ரவரியில் பாபர் தன் பழைய நண்பர் குவாஜா கலானுக்கு ஒரு கடிதம் எழுதினார். குவாஜா கலான் வெயில் தாங்காமல் இந்தியாவை விட்டுக் காபூல் பக்கம் திரும்பிப் போய்விட்டவர். பானிபட்டில் வென்று மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன. தில்லியும் ஆக்ராவும் பாபர் கையில். ஆனாலும் கடிதம் முழுக்க ஊர் ஏக்கம்தான். அண்மையில் யாரோ ஒரு முலாம்பழம் கொண்டுவந்தார்களாம். அதை அறுத்துச் சாப்பிடும்போது மனசு என்னவோ செய்துவிட்டது, கண்ணீர் வந்துவிட்டது என்று எழுதுகிறார்.

ஒரு பேரரசருக்குப் பிடித்த உணவு எது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். அவரே சொல்கிறார், நெருங்கிய நண்பரிடம் சொல்கிறார், நடந்த சில நாட்களுக்குள் சொல்கிறார்.

'அக்பருக்குப் பிடித்தது இது, ஷாஜகான் விரும்பிச் சாப்பிட்டது அது' என்று தினமும் ஏதாவது ஒரு தகவல் கைபேசியில் வந்து விழுகிறது. படிக்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நாக்கு எதை விரும்பியது என்பது நமக்கு எப்படித் தெரியும்? வரலாறு படிப்பவர்கள் இதற்குச் 'சான்று' என்ற ஒரே சொல்லில் பதில் சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சாப்பாட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைப் பிரித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்குப் பரிமாறியது வேறு, அவர் சாப்பிட்டது வேறு, அவருக்குப் பிடித்தது வேறு. எங்கள் தாத்தாவுக்கு எது பிடிக்கும் என்று வீட்டில் கேட்டால் பாட்டி வத்தக்குழம்பு என்பார், அத்தை அடை என்பார். பாட்டி சொன்னது அவர் அடிக்கடி வைத்த குழம்பு. அத்தை சொன்னது தாத்தா அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சாப்பிட்டது. தாத்தாவோ இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நேரில் பார்த்தவர்கள் சொல்வதே இப்படி என்றால், நானூறு ஆண்டுகள் தள்ளி நிற்கும் நாம் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்!

சரி, பாபரிடமே வருவோம். அவர் 1483-இல் ஃபெர்கானாவில், இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் அந்திஜானில், பிறந்தவர். முலாம்பழமும் திராட்சையும் விளைகிற சீமை அது. தன் வாழ்க்கையைச் சகதாய் துருக்கியில், தன் தாய்மொழியில், தானே எழுதிவைத்தார். அதுதான் பாபர்நாமா. தோற்றது, ஓடியது, அளவுக்கு மீறிக் குடித்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறவர் என்பதால், சாப்பாட்டைப் பற்றி அவர் சொல்வதையும் நம்ப முடிகிறது.

இந்துஸ்தானத்தைப் பற்றி அவர் போட்ட குறைப் பட்டியல் பெயர்பெற்றது. நல்ல குதிரை இல்லை, நல்ல நாய் இல்லை, திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை, கடைத்தெருவில் நல்ல ரொட்டியோ சமைத்த உணவோ இல்லை. இதை மட்டும் எடுத்துப் போட்டு, பாபருக்கு இந்த நாட்டு உணவே பிடிக்கவில்லை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதே நூலில் மாம்பழத்தைப் பற்றி அவர் எழுதியதையும் படிக்க வேண்டும். நல்ல மாம்பழம் உண்மையிலேயே நல்ல பழம், ஆனால் சாப்பிடுகிற பலவற்றில் முதல்தரமானது சிலதான் என்கிறார். இந்துஸ்தானத்தின் சிறந்த பழம் இதுதான் என்றும் ஒத்துக்கொள்கிறார். முலாம்பழத்தைத் தவிர மற்ற எல்லாப் பழங்களையும்விட மாம்பழமே மேல் என்று சிலர் புகழ்வதைக் குறிப்பிட்டு, அந்த அளவுப் புகழ்ச்சிக்கு அது தகாது என்று முடிக்கிறார். மாம்பழத்தைப் பேசும்போதும் அளவுகோலாக முலாம்பழம்தான் வந்து நிற்கிறது, பாருங்கள்.

மாம்பழத்தைச் சாப்பிட இரண்டு வழி உண்டு என்றும் எழுதியிருக்கிறார். ஒன்று, தோலைச் சீவிவிட்டுச் சாப்பிடுவது. இன்னொன்று, பழத்தைக் கையால் பிசைந்து கூழாக்கி, ஒரு ஓட்டை போட்டுச் சாற்றை உறிஞ்சுவது. நாமும் இன்றுவரை உருட்டி உருட்டிப் பிசைந்து, காம்புப் பக்கம் கடித்து, அப்படித்தானே உறிஞ்சுகிறோம்! பக்கத்தில் உட்கார்ந்து கவனித்த, அல்லது தானே செய்து பார்த்த ஒருவரால்தான் இதை எழுத முடியும். நல்ல சான்றுக்கு இப்படி ஓர் அடையாளம் உண்டு. கதையை நடத்துவதற்குத் தேவையே இல்லாத ஒரு சின்ன விவரம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த நாட்டுச் சமையலைத் தெரிந்துகொள்ளும் ஆசையே அவர் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. இந்துஸ்தானத்துச் சமையலைப் பார்த்ததில்லை என்று, பானிபட்டில் தன்னிடம் தோற்றுப்போன தில்லி சுல்தான் இப்ராகிம் லோதியின் ஐம்பது அறுபது சமையல்காரர்களைக் கூப்பிட்டு, அவர்களில் நால்வரைத் தன்னிடம் வைத்துக்கொண்டார் பாபர். இப்ராகிமின் தாய்க்கு இது தெரிந்தது. 1526 டிசம்பரில், அரசருக்கு முன்பாக உணவைச் சுவைத்துப் பார்க்கும் ஆளைப் பிடித்து, அந்தச் சமையல்காரர்களில் ஒருவரையும் வளைத்து, தாளில் மடித்து விஷம் அனுப்பினார். சமையல்காரர் கை நடுங்கியதோ என்னவோ, பாதியைத் தட்டில் இருந்த ரொட்டியின் மேல் தூவிவிட்டு மீதியை அடுப்பில் போட்டுவிட்டார். அன்று பாபர் முயல் கறி சாப்பிட்டார், வறுத்த காரட் நிறையச் சாப்பிட்டார், விஷம் இருந்த தட்டிலிருந்து சில வாய் எடுத்தார். குமட்டியது, வாந்தி எடுத்தார். குடித்தபோதுகூடத் தான் சாப்பிட்டதை வாந்தி எடுத்ததில்லையாம், அதனால்தான் சந்தேகம் வந்தது என்கிறார். அப்புறம் விசாரணை, கொடூரமான தண்டனைகள்.

இவ்வளவு விவரமாக இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரசர் சாப்பாடு என்பது பயத்தோடு கலந்த விஷயம். யார் சமைத்தது, யார் சுவைத்துப் பார்த்தது, யார் முத்திரை வைத்தது என்று ஒவ்வொரு படியையும் கண்காணிக்க வேண்டியிருந்தது. எழுதிவைக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியதற்கு இந்தக் கண்காணிப்பும் ஒரு காரணம்.

அதைப் பாபரின் பேரன் அக்பர் காலத்தில் தெளிவாகப் பார்க்கலாம். அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல் அவர் ஆட்சியைப் பற்றி எழுதிய அய்னி அக்பரி என்ற நூலில் அரச சமையற்கூடத்துக்கென்றே பகுதி இருக்கிறது. பொன், வெள்ளிப் பாத்திரங்களைச் சிவப்புத் துணியிலும், செம்பு, பீங்கான் பாத்திரங்களை வெள்ளைத் துணியிலும் கட்டுவார்கள். சமையற்கூடத் தலைவர் முத்திரை வைப்பார். பட்டியல் தனியாகப் போகும். அரசர் ஊரில் இருந்தாலும் பயணத்தில் இருந்தாலும் குடிப்பது கங்கைத் தண்ணீர்தான். சமையல் அளவுகள்கூட இருக்கின்றன. கிச்சடிக்கு அரிசி 5 சேர், உடைத்த பருப்பு 5 சேர், நெய் 5 சேர். ஆமாம், நெய்யும் அதே 5 சேர்தான்!

உடனே 'அக்பருக்குப் பிடித்தது கிச்சடி' என்று எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். அந்தப் பட்டியலில் கிச்சடி பல உணவுகளில் ஒன்று. இறைச்சி சேராத உணவுகள், இறைச்சியும் அரிசியும் சேர்ந்தவை, இறைச்சியும் மசாலாவும் சேர்ந்தவை என்று மூன்று வகையாக அது விரிகிறது. உத்தரவு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நூறு தட்டுகள் வந்துவிடும் என்கிறார் அபுல் ஃபசல். ஆனால் அரசர் நாளுக்கு ஒரே வேளைதான் சாப்பிடுவார், 'இன்றைக்கு என்ன சமையல்?' என்ற கேள்வி அவர் நாவில் வந்ததே இல்லை என்றும் அவரே சொல்கிறார்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். அக்பர் உண்மையிலேயே உணவில் பற்றில்லாதவராக இருந்திருக்கலாம், பிற்காலத்தில் இறைச்சியை வெகுவாகக் குறைத்துக்கொண்டவர்தான். அதே சமயம், அபுல் ஃபசல் அரசரைப் புகழ்வதற்காகவே எழுதியவர். உயர்ந்த அரசர் நாக்குக்கு அடிமையாக மாட்டார் என்று காட்டுவது அவருக்குத் தேவை. எப்படிப் பார்த்தாலும், அக்பருக்குப் பிடித்த உணவு எது என்று இந்த நூல் சொல்லவில்லை. அரண்மனையில் என்ன சமைக்கப்பட்டது என்று சொல்கிறது. அதுவும் பெரிய தகவல்தான், ஆனால் அது வேறு தகவல்.

அக்பரின் மகன் ஜஹாங்கீர் கொள்ளுத்தாத்தா பாபரைப் போலவே தன் கதையைத் தானே எழுதினார். அதனால் அவர் நாக்கு நமக்கு நன்றாகத் தெரியும். 1618-இல் குஜராத்தில் இருந்தபோது, அந்த ஊர் மக்கள் கம்பும் பருப்பும் சேர்த்துக் கிச்சடி செய்து சாப்பிடுவதைக் கேள்விப்பட்டார். தான் சாப்பிட்டதே இல்லையே என்று சமைத்துவரச் சொன்னார். ருசியாகத்தான் இருந்தது, உடம்புக்கும் ஒத்துக்கொண்டது. இறைச்சி தவிர்க்கும் நாட்களில் இதை அடிக்கடி கொண்டுவாருங்கள் என்று உத்தரவு போட்டதாக எழுதுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று இது. உலகத்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவர், ஏழைகளின் கம்பு உணவைச் சாப்பிட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறார். அதை எழுதியதால் அவருக்கு எந்தப் பெருமையும் இல்லை, லாபமும் இல்லை. பொய் சொல்லத் தேவையில்லாத இடத்தில் ஒருவர் சொல்வதற்குத் தனி எடை உண்டு. இதே ஜஹாங்கீர்தான், காபூல் பழங்கள் எவ்வளவு இனித்தாலும் என் நாக்குக்கு மாம்பழத்தின் சுவைக்கு ஈடாக எதுவும் இல்லை என்றும் எழுதினார். பாபர் முலாம்பழத்துக்கு அழுதார், கொள்ளுப்பேரனுக்கு மாம்பழம் போதும். ஒரு குடும்பம் எப்படி இந்த மண்ணோடு ஒட்டிப்போனது என்பதை இந்த இரண்டு வரிகளே காட்டிவிடுகின்றன.

ஔரங்கசீப்புக்கு வந்தால் நமக்குக் கிடைப்பவை கடிதங்கள். கண்டிப்பானவர், எளிமையானவர் என்றுதான் அவரை அறிவோம். ஆனால் வயதான காலத்தில் மகனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், குளிர்காலத்தில் உன் வீட்டில் சாப்பிட்ட கிச்சடி, பிரியாணியின் ருசி இன்னும் நினைவில் இருக்கிறது என்கிறார். பிரியாணி சமைக்கும் சலிமானை எனக்குக் கொடு என்று கேட்டேன், நீ கொடுக்கவில்லை, அவரிடம் தொழில் கற்றவர் யாராவது இருந்தால் அனுப்பிவை என்கிறார். சாப்பாட்டு ஆசை இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை என்ற வரியும் அதில் வருகிறது. மகன் மாம்பழங்களை அனுப்பிப் பெயர் வைக்கச் சொன்னபோது, சுதாரஸ், ரசனாவிலாஸ் என்று வடமொழிப் பெயர்களை வைத்தார் அவர். கடிதங்களில் மனிதர்கள் கொஞ்சம் தளர்ந்து பேசுவார்கள். வரலாற்று நூல்களில் வராத முகம் அங்கே வரும்.

இடையில் ஷாஜகானை விட்டுவிட்டேன். அவரைப் பற்றித்தான் கதைகள் அதிகம். ஆக்ரா கோட்டையில் 1658 முதல் 1666 வரை மகனால் சிறைவைக்கப்பட்டிருந்தபோது, ஒரே ஒரு தானியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்களாம், அவர் சமையல்காரரின் யோசனைப்படி கொண்டைக்கடலையைக் கேட்டாராம், ஏனென்றால் அதைவைத்து விதவிதமாகச் சமைக்கலாமாம். அவர் சிறையில் இருந்தது வரலாறு. கொண்டைக்கடலை வாய்வழியாக வந்த கதை. நம் ஊரில் சாம்பாருக்கும் அப்படி ஒரு கதை உண்டு. தஞ்சை மராத்திய மன்னர் ஷாஹூஜியின் அரண்மனைக்குச் சிவாஜியின் மகன் சம்பாஜி வந்தாராம், புளிப்புக்குப் போடும் கோகம் தீர்ந்துவிட்டதாம், புளியைக் கரைத்து ஊற்றித் துவரம்பருப்புக் குழம்பு வைத்தார்களாம், விருந்தாளியின் பெயரே அதற்கு நின்றுவிட்டதாம்.

இந்த மாதிரிக் கதைகளுக்கு ஒரு வார்ப்பு இருப்பதைக் கவனியுங்கள். ஒரு நெருக்கடி, ஒரு பொருள் இல்லாமல் போவது, சமையல்காரரின் சமயோசிதம், கடைசியில் ஒரு புதிய பலகாரம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். பாபரின் வறுத்த காரட்டைப் போல ஒட்டாத விவரம் எதுவும் இருக்காது. கதை பொய் என்று நிரூபிக்க நம்மிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நடந்த காலத்தில் எழுதிய ஒரு வரியாவது கிடைக்கும்வரை 'சொல்வார்கள்' என்ற சொல்லைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சில கதைகளைத் தேதியே உடைத்துவிடும். ரொட்டி இல்லாத மக்களைக் கேக் சாப்பிடச் சொன்னார் என்று பிரான்சு அரசி மேரி அன்டோனெட்மேல் பழி உண்டு. அந்தப் பேச்சு ரூசோ என்ற எழுத்தாளரின் தன்வரலாற்றில் பெயர் சொல்லாத ஓர் இளவரசி சொன்னதாக வருகிறது. அதில் இருப்பது கேக்கும் அல்ல, பிரியோஷ் என்ற வெண்ணெயும் முட்டையும் சேர்த்த ரொட்டி. அந்தப் பகுதியை ரூசோ 1760-களில் எழுதினார். மேரி அன்டோனெட் பிறந்தது 1755-இல், ஆஸ்திரியாவிலிருந்து பிரான்சுக்கு வந்தது 1770-இல். வராத ஊரில் அவர் எப்படிப் பேசியிருப்பார்?

பொருள்களுக்கும் தேதி உண்டு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் 1492-இல் கடல் தாண்டிய பிறகுதான், போர்த்துக்கீசியர் கப்பல்கள் போன்றவற்றின் வழியாக, அவை நம் பக்கம் வந்தன. ஆகவே ராஜராஜ சோழன் இலையில் மிளகாய் இருந்திருக்க முடியாது. காரம் என்றால் அன்று மிளகுதான். சோழர் கல்வெட்டுகளில் கோயில் திருவமுதுக்கு அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு என்று நிவந்தம், அதாவது கொடை, விட்ட கணக்கு வருகிறது. ஆனால் அது சாமிக்குப் படைத்தது. மன்னர் வீட்டில் என்ன சாப்பிட்டார் என்று அதிலிருந்து நேராகச் சொல்லிவிட முடியாது.

அரசரே சமையலைப் பற்றி எழுதிய நூலும் தென்னாட்டில் உண்டு. கல்யாணியை, இன்றைய கர்நாடகத்துப் பசவகல்யாணத்தை, தலைநகராகக் கொண்டு ஆண்ட சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 1130 வாக்கில் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம். அதில் இத்தரிகா, தோசகா, வடகா எல்லாம் வருகின்றன. இத்தரிகா உளுந்து மாவில் மிளகு, சீரகம், பெருங்காயம் சேர்த்துச் செய்வது, அரிசி கிடையாது. ஆற்றங்கரை வயல்களில் பிடித்த எலியைச் சூடான எண்ணெயில் போட்டு முடி நீக்கிச் சமைக்கும் முறையும் இருக்கிறது. வயல் எலி சாப்பிடுகிறவர்களை இன்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள், அது ஓர் அரசரின் இலையில் இடம்பெற்றது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனாலும் இந்த நூல் நாட்குறிப்பு அல்ல. ஓர் அரசர் அனுபவிக்க வேண்டிய இன்பங்கள் எவை என்று வகுத்துச் சொல்லும் நூல்.

பக்கத்தில் இருந்தவர் எழுதுவதும் சான்றுதான். பிரான்சின் பதினான்காம் லூயி எவ்வளவு சாப்பிடுவார் என்பதை அவர் தம்பி மனைவி தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார்: நான்கு தட்டு வெவ்வேறு சூப், ஒரு முழு ஃபெசன்ட் கோழி, ஒரு கவுதாரி, பெரிய தட்டு நிறைய சாலட், பூண்டு போட்ட ஆட்டுக்கறி, பன்றித்தொடைக் கறி இரண்டு துண்டு, ஒரு தட்டுப் பலகாரம், அதற்கு மேல் பழமும் ஜாமும். இது பசியைச் சொல்கிறது, ஆசையைச் சொல்லவில்லை. எழுத்தே இல்லாவிட்டால் எலும்பு பேசும். இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012-இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. விலா எலும்பு தொடை எலும்பைவிடச் சீக்கிரம் புதுப்பித்துக்கொள்ளும், அதனால் கடைசிச் சில ஆண்டுகளின் உணவு அதில் பதிந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, அரசரான பின் அவர் நன்னீர் மீனும் காட்டுப் பறவைக் கறியும் வைனும் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று 2014-இல் சொன்னார்கள். அதில் எது அவருக்குப் பிடித்தது என்று எலும்புக்குத் தெரியாது.

இவ்வளவையும் புரட்டும்போது எனக்கு மனசு கனத்த இடம் ஒன்று உண்டு. ஐந்து தலைமுறை முகலாயர் சமையலைப் பார்த்தோம். சமைத்தவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? பாபர் வைத்துக்கொண்ட நால்வர் பெயர் தெரியாது. ஜஹாங்கீருக்குக் கம்பு கிச்சடி கிண்டியவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஔரங்கசீப் ஆசைப்பட்டுக் கேட்டதால் சலிமான் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பாபர் பழம் இல்லையே என்று அழுததோடு நிற்கவில்லை. இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் பால்க் நகரத்துத் தோட்டக்காரர் ஒருவரை வைத்து ஆக்ராவில் முலாம்பழம் பயிரிடச் சொன்னார், திராட்சைக் கொடியும் நட்டார். கடிதம் எழுதிய அதே 1529-இல் தோட்டக்காரர் சில சின்ன முலாம்பழங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல்தரமாக இருந்தன. திராட்சையும் நன்றாகக் காய்த்திருந்தது. இந்துஸ்தானத்தில் இவை இப்படி விளைந்ததில் தன் மனசு நிறைந்துவிட்டது என்று பாபர் எழுதினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார்.

யமுனைக் கரையில் அவர் போட்ட தோட்டம் ஒன்றைப் பற்றி ஜஹாங்கீர் பின்னாளில் குறிப்பிடுகிறார். குல் அஃப்ஷான் என்று அதற்குப் பெயர். ஐரோப்பியர் துறைமுகங்கள் வழியாக வந்த அன்னாசிப்பழம் அங்கே ஆண்டுக்குப் பல ஆயிரம் விளைந்துகொண்டிருந்தது.